பட்ட மரத்துக்குக் காவல் நின்றவர்

கரீமுல்லா அண்ணாந்து பார்த்தால் முதலில் கரன்ட் கம்பியைத்தான் தேடுவார். அசோக் நகரிலும் தி. நகரிலும் இருபத்தாறு வருடம் மரம் வெட்டிய கண் அது. கம்பி எங்கே, கார் எங்கே, காம்பவுண்டு சுவர் எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் மரத்தையே பார்ப்பார். கம்பியே இல்லாத எங்கள் காட்டுக்குள் நுழைந்த முதல் நாளும் அப்படித்தான் தேடினார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், மறைப்பானேன்.

எங்கள் காடு என்பது அடையாற்றங்கரையில் நட்டு வளர்த்த எட்டு ஏக்கர். இயற்கையின் போக்கைக் கெடுக்காமல் காட்டைப் பராமரிப்பதற்கு அங்கே ஆறு மாதப் பயிற்சி நடக்கிறது. நான், ரகுபதி, அந்த அலுவலகத்தில் எழுத்தர். படிவம் தயாரிப்பதும், அது தப்பு என்று திட்டு வாங்குவதும் என் வேலை. பயிற்சியில் தேறினால் நகரத்துச் சிறு காடுகளில் பராமரிப்பாளர் வேலை கிடைக்கும். முட்டி தேய்ந்துபோய், இனி மரம் ஏறவே கூடாதென்று டாக்டர் சொன்ன பிறகு, ஐம்பத்தோரு வயதில் கரீம் பாய்க்கு இருந்த ஒரே வழி அதுதான்.

வந்த வாரமே சண்டை. "பட்டுப்போன மரத்தை அப்படியே நிற்க விடணும்" என்று பாடம் எடுத்த நிஷா மேடத்திடம் மனிதர் எழுந்து நின்றுவிட்டார்.

"பட்ட மரம் நிக்கவே கூடாது மேடம். அடுத்த வாரம் வெட்டலாம்னு ஒரு வூட்டுக்காரரு சொன்னாரு, நானும் சரின்னுட்டேன். நடுவுல மழ, மரம் சாஞ்சிடுச்சி. எங்கூட வேல செய்ற செம்பியன் கால் போச்சு."

நிஷா அடுத்த நாள் அவரை மட்டும் ஒரு காய்ந்த கிளைக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்தினார். பொந்துக்குள்ளிருந்து ஒரு குக்குறுவான் பறவை தலையை நீட்டியது, உள்ளே போயிற்று, மறுபடி நீட்டியது. பாய் சாப்பிடக்கூட வரவில்லை. சாயங்காலம் என் மேசைக்கு வந்து, "இத்தினி வருசத்துல எத்தினி பேரு வூட்ட இடிச்சிக்கீறேன் சார்!" என்றார். எனக்கு அவரை அன்றுதான் ரொம்பப் பிடித்துப்போனது.

தேர்வு நாள் வந்தது. காலையில் களத்தேர்வு: ஆளுக்குப் பத்து மரம். எதை விட்டுவைப்பது, எதை எடுப்பது என்று படிவத்தில் குறிக்க வேண்டும். 'நிற்கட்டும்', 'நீக்கு' என்று இரண்டே கட்டம். பதினோரு மணிக்கு அலுவலகத்தில் வாய்மொழித் தேர்வு. வராதவர் தேறாதவர். இந்த விதியை ஒலிபெருக்கியில் அறிவித்த பாவியும் நான்தான்.

பாயின் பத்தாவது மரம், பட்டுப்போன தூங்குமூஞ்சி. விடை 'நிற்கட்டும்'. அவருக்கும் அது தெரியும். ஆனால் அடிமரத்தைத் தட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் டொப்பென்றது, உள்ளே உளுத்துப்போயிருந்தது. கை நீளத்துக்கு ஒரு குச்சியை ஒடித்து, நேராகப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்து உயரத்தைக் கணக்கிட்டார். விழுந்தால் ஜனங்கள் நடக்கும் பாதையில்தான் விழும். படிவத்தில் இரண்டு கட்டத்தையும் விட்டுவிட்டு ஓரத்தில் எழுதினார்: 'பத்தடிக்கு மேல் வெட்டணும், மிச்சம் நிக்கட்டும்.'

எழுதியதோடு விட்டாரா? நேரே பாதைக்குப் போய் வழியை மறித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"பாய், இது வெறும் தேர்வு. இன்னைக்கு யாரும் எதையும் வெட்டப்போறதில்ல" என்றார் நிஷா.

"மரத்துக்கு அது தெரியுமா மேடம்?"

நிஷா தானும் அடிமரத்தைத் தட்டிப் பார்த்தார். முகம் மாறியது. திருவான்மியூரிலிருந்து ரம்பக்காரரை வரச்சொல்லிவிட்டு, மற்றவர்களின் வாய்மொழித் தேர்வுக்கு ஓடினார். ரம்பக்காரர் வர இரண்டு மணி நேரம் ஆகுமாம்.

பன்னிரண்டரைக்கு பாயின் முறை. நான் மூச்சிரைக்கப் பாதைக்கு வந்தேன். அந்த முட்டியோடு வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க பாய், ஆப்சென்ட் போட்டுடுவாங்க. உங்களுக்குப் பதிலா நான் நிக்கிறேன்."

"மரம் முறிய சொல்லோ மொதல்ல ஒரு சத்தம் வரும். அது உனுக்குத் தெரியுமா சார்?"

தெரியாது. ஆறு மாதப் பாடத்தையும் தட்டச்சு செய்தவன் நான், எனக்கு அது தெரியாது.

"அப்ப போட்டுக்க சொல்லு. அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார். அடுத்த வருடம் என்று ஒன்று அவருக்கு இல்லை. வீட்டில் கையிருப்பு ரம்ஜானோடு தீர்ந்துவிட்டதை என்னிடமே சொல்லியிருந்தார். எனக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. திரும்பி ஓடி, நிஷாவிடம் அப்படியே சொன்னேன்.

அவர் கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு என்னோடு பாதைக்கே வந்து, நின்றபடியே தேர்வைத் தொடங்கினார். பாய்க்கு ஒரு கண் மரத்தில், ஒரு கண் மேடத்தில். நாலு கேள்விக்குத் தடுமாறித் தடுமாறிப் பதில் சொன்னார். ஐந்தாவதுதான் கடைசி.

"ஒரு காட்டுக்குப் பொறுப்பாளரா முதல் நாள் போறீங்க. முதல்ல எதைப் பார்ப்பீங்க?"

மண், நீர், சரிவு என்று விடைத்தாளில் இருந்தது. பாய் வாயைத் திறந்தார். அதற்குள் காதில் ஹெட்போனோடு ஒரு பெண் வேகமாக நடந்து வர, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எதிரே ஓடினார்.

"நில்லும்மா! இந்தாண்ட வராத, மரம் கீது. அந்தப் பக்கமா சுத்திக்கினு போ."

அந்தப் பெண் விலகிப் போகும்வரை பார்த்திருந்துவிட்டு, நொண்டிக்கொண்டே திரும்பி வந்தார்.

"இன்னா கேட்டீங்க மேடம்?"

"ஒண்ணும் இல்ல பாய், பதில் சொல்லிட்டீங்க" என்று, பத்துக்குப் பத்து போட்டார் நிஷா.