ஊரையே சொறிய வைத்த நாய்

கல்யாணமாகித் தாராவிக்கு வந்த புதிதில் எனக்குப் பேச்சுத்துணை ஒரு நாய்தான். வீட்டுக்காரர் விடிந்ததும் குர்லா பட்டறைக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவார். எனக்கு இந்தி வராது. நாய் பம்பாயில் பிறந்தது, அதற்கு வரும். ஆனாலும் என் திருநெல்வேலிப் பேச்சை முகம் சுளிக்காமல் கேட்கும்.

அதற்குத்தான் அரிப்பு வந்தது. வயிறெல்லாம் தடிப்பு. முடியை விலக்கி விலக்கித் தேடினேன்; ஓர் உண்ணி இல்லை. வேப்பிலை அரைத்துப் பூசினேன். கார்பாலிக் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினேன். மீன்தலை சூடு என்று பக்கத்து அறைக்காரி சொன்னதால் அதையும் நிறுத்தினேன். நாய் என்னை முறைத்ததுதான் மிச்சம். பட்டறைக் கழிவெண்ணெயைத் தடவலாம் என்றார் வீட்டுக்காரர். முதலில் அவரைத் தடவிப் பார்க்கச் சொன்னேன்.

வரிசையாக ஒற்றை அறை வீடுகள் கொண்ட எங்கள் சாலுக்குப் பெரிய மனுஷன் மூன்றாம் அறை அண்ணாச்சி. பொது வராந்தாவில் ஒரு பிரம்பு நாற்காலி போட்டு, அதில் ராஜா கணக்காக உட்கார்ந்து எல்லாருக்கும் தீர்ப்புச் சொல்வார். சொறிநாயால் சாலுக்கே சொறி வரப்போகிறது என்றார். சாட்சிக்குத் தன் தொடையையே சொறிந்து காட்டினார். ஞாயிற்றுக்கிழமைக்குள் நாயை விரட்டாவிட்டால் நாய் பிடிக்கிற முனிசிபாலிட்டி வண்டிக்குச் சொல்லிவிடுவாராம். நாயும் போய்விட்டால் அந்த ஊரில் நான் யாரோடு பேசுவது?

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. நாற்காலி, அண்ணாச்சியின் அறைக்குள் போனது. நாய் எங்கள் அறைக்குள் வந்தது. சொறிவது நின்றுவிட்டது. வேப்பிலைதான் வேலை செய்கிறது என்று நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன். மழை விட்டது, நாற்காலி வெளியே வந்தது, நாய் வழக்கம்போல அதற்கு அடியில் போய்ப் படுத்தது. சாயங்காலமே பரக் பரக்கென்று சொறிந்தது. அட பாவி மனுஷா, என்று என் வாயில் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் சாலில் எல்லாரும் கட்டிலை வெயிலில் தூக்கிப்போட்டு வெந்நீர் ஊற்றுவார்கள். மூட்டைப்பூச்சி இல்லாத வீடு பம்பாயில் ஏது? அண்ணாச்சி வீட்டில் மட்டும் இல்லையாம். அவர் வீட்டுச் சாமான் எதுவும் அந்த வெயிலைப் பார்த்ததே கிடையாது. அன்றும் நாற்காலியில் உட்கார்ந்து வண்டிக்கு ஆள் அனுப்பத் தயாராக இருந்தார். கொதிக்கிற கெட்டிலோடு போய் நின்றேன்.

"அண்ணாச்சி, கொஞ்சம் எந்திரிங்க."

கெட்டிலைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். பிரம்பு முடிச்சுகளில் ஊற்றினேன். கொத்துக் கொத்தாக மூட்டைப்பூச்சி உதிர்ந்தது. வராந்தாவே கூடி வேடிக்கை பார்த்தது. அண்ணாச்சி மட்டும் அசரவில்லை. எல்லாம் நாய் கொண்டுவந்து விட்டது என்றார்.

வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்த அவர் மனைவி தலை நிமிராமல் சொன்னாள்: "நாய் வந்தது பங்குனியில. நாற்காலி போன தீவாளிக்கே வந்திட்டு. அன்னைலேருந்து நான் தரையிலதான் உக்காருதேன்."

முனிசிபாலிட்டிக்கு யாரும் போகவில்லை. நான் நாயைக் கட்டிக்கொண்டு அழுதேன். அது திமிறிக்கொண்டு ஓடி, ஈரம் சொட்டிய அந்த நாற்காலிக்கு அடியிலேயே போய்ப் படுத்தது.