இல்லை என்றால் பூஜ்யம்

அந்தக் கேள்வித்தாளைத் தமிழாக்கி டைப் அடித்துக் கொடுத்தவள் நான்தான். அதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இருக்கும்.

கந்தர்வக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். வந்த வேலை, கொடுத்த நாள், மழை பிடித்த நேரம் எல்லாம் டைரியில் ஏறிவிடும். புரட்டாசி இரண்டாம் வியாழன், மாலை நாலரை: பள்ளியின் சுற்றுச்சூழல் மன்ற ஆசிரியை வந்ததாகக் குறித்திருக்கிறேன். ஐரோப்பாவில் ஒரு குளிர்நாட்டுப் பள்ளிகளுக்காகப் போட்ட ஆங்கிலக் கையேட்டைக் கொண்டுவந்திருந்தார். தங்கள் வீடு எவ்வளவு கரியமில வாயுவை வெளியே விடுகிறது என்று பிள்ளைகளே கணக்கிட அதில் இருபது கேள்விகள். மற்ற நாடுகளில் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று நம் பிள்ளைகளும் பார்க்கட்டும் என்றார். எனக்கும் சந்தோஷம்தான். அங்கே பிள்ளைகள் வீட்டுக் குப்பையை எடை போட்டும் மின்சார மீட்டரைப் பார்த்து எழுதியும் படிப்பதைப் பற்றி நிறைய வாசித்திருக்கிறேன்.

முன்னுரை நாலு பக்கம் இருக்கிறதே என்று கேட்டேன்.

"அதெல்லாம் வேணாங்க. கேள்விய மட்டும் அடிச்சுக் குடுங்க. சனிக்கிழம வேணும்."

விட்டுவிட்டேன். ஒரு கால்புள்ளி விட்டுப்போனால் தூக்கம் வராத நான், நாலு பக்கத்தைப் படித்துக்கூடப் பார்க்காமல் விட்டேன்.

ஒன்பதாம் வகுப்புக்கு அந்தத் தாளைக் கொடுத்தார்கள். அதிக மதிப்பெண் வாங்கியவர்களுக்குச் சென்னையில் மூன்று நாள் முகாம். கடைசியில் வந்தவர்களின் பெயர்களை 'மாற வேண்டிய வீடுகள்' என்று சிவப்பு எழுத்தில் தலைப்பிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்.

ஐப்பசி இரண்டாம் புதன், காலை பத்து மணிக்கு ஓர் அம்மா கடைக்கு வந்தார். முந்திரிக்கொட்டை உடைக்கிறவர். தோலின் எண்ணெய் பட்டு விரல்களெல்லாம் கறுத்திருந்தன. மகளின் கேள்வித்தாளை என் மேசைமேல் வைத்தார்.

"இத நீங்கதான் அடிச்சீங்களாம்ல. எம்புள்ள என்ன தப்புப் பண்ணுச்சுன்னு பாத்துச் சொல்லுங்கக்கா."

பார்த்தேன். உங்கள் ஃபிரிட்ஜ் ஐந்து நட்சத்திரம் கொண்டதா? இல்லை. பூஜ்யம். அந்த வீட்டில் ஃபிரிட்ஜே கிடையாது. வாரத்தில் ஒரு நாளாவது காரை நிறுத்திவிட்டுப் பஸ்ஸில் போகிறீர்களா? இல்லை. பூஜ்யம். அவள் தினமும் வருவது அக்காவுக்கு அரசாங்கம் கொடுத்த சைக்கிளில். பழைய துணிகளை மறுசுழற்சிக்குக் கொடுக்கிறீர்களா? இல்லை. அக்காவின் பாவாடை அவளுக்கு வந்து, அவளுக்குப் பிறகு சோற்றுப்பானை இறக்கும் கரித்துணியாகிவிடுகிறது. அதற்கும் பூஜ்யம். தோப்பில் கூட்டி அள்ளிய முந்திரிச் சருகிலும் சுள்ளியிலும் சமைப்பதற்கும் பூஜ்யம். மொத்தம் நூற்றுக்கு எட்டு.

முதலிடம், அப்பா துபாயில் இருக்கும் ஒரு பையனுக்கு. வீட்டில் இரண்டு ஏசி, இரண்டு ஃபிரிட்ஜ், எல்லாம் ஐந்து நட்சத்திரம். ஞாயிற்றுக்கிழமை காரை எடுப்பதில்லை. பையன் மேல் எனக்குக் கோபமில்லை. கேட்டதற்கு உள்ளபடி எழுதியிருந்தான்.

பெண் இரண்டு நாளாகப் பள்ளிக்குப் போகவில்லையாம். கூடப் படிக்கிற பிள்ளைகள் 'ஏ பொகவண்டி' என்று கூப்பிடுகிறார்களாம். முகாமுக்குப் போனால் கடல் பார்க்கலாம் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

"கரண்டு போனா எங்க வீட்ல ஒத்த பல்புதாங்க்கா அணையும்," என்றார் அந்த அம்மா. "நாங்க போயி ஒலகத்தக் கெடுத்துட்டமாம்."

அவர் போனதும் அந்த நாலு பக்கத்தைத் தேடி எடுத்தேன். இரண்டாம் பக்கத்திலேயே இப்படி எழுதியிருந்தது: இவை எங்கள் ஊருக்கான கேள்விகள். உங்கள் பிள்ளைகளை முதலில் ஒரு வாரம் தெருத்தெருவாக அனுப்பி, பார்த்ததை வைத்துக் கேள்விகளை மாற்றி எழுதச் சொல்லுங்கள். ஒரு பொருளே இல்லாத வீட்டுக்கு அந்தக் கேள்வியின் முழு மதிப்பெண்ணும் உண்டு.

எனக்குக் காது வரை சுட்டது. கற்றுக்கொள்ள வேண்டியதை அவர்கள் முதலிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். அதைத்தான் நானும் ஆசிரியையும் சேர்ந்து ஒதுக்கிப் போட்டிருக்கிறோம். அந்தப் பக்கத்தைத் தமிழில் அடித்து எடுத்துக்கொண்டு, கடையைப் பூட்டிவிட்டுப் பள்ளிக்குப் போனேன்.

ஆசிரியை முகம் சுண்டிப்போனார். ஆனால் முகாம் பட்டியலை ஆன்லைனில் ஏற்றியாகிவிட்டது, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எட்டு மதிப்பெண் போடத் தெரிந்தவர்களுக்கு அதைத் திருத்த ஏன் ஒரு வருஷம் வேண்டும் என்று கேட்டேன். தலைமையாசிரியை குறுக்கிட்டார்.

"வெளிநாட்டுக்காரங்க யோசிக்காமலாங்க போட்டிருப்பாங்க?"

"யோசிச்சுத்தான் போட்டிருக்காங்க. நாமதான் படிக்கல," என்று பக்கத்தை நீட்டினேன்.

இரண்டு முறை படித்தார். எழுந்து போய்ச் சிவப்புப் பட்டியலைத் தன் கையாலேயே கிழித்தார். முகாம் பட்டியலைத் தொடவில்லை. மேலிடத்துக்குப் போனதில் கை வைத்தால் விளக்கம் கேட்பார்களாம்.

வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து, கையேட்டின் விதிப்படி வகுப்பின் எல்லாத் தாள்களையும் வாங்கி மறுபடி கூட்டினேன். அந்தப் பெண்தான் முதல். கடிதமாக எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கினேன். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. பதில் இல்லை.

திங்கள் காலை ஆறு மணிக்கு என்று சொன்ன முகாம் பஸ் ஆறு இருபதுக்குக் கிளம்பியது. ஏசி பஸ். பள்ளி கேட்டுக்கு எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணும் சைக்கிளோடு நின்றிருந்தாள். கேரியரில் சருகு மூட்டை. இங்கிட்டு வந்தேன், சும்மா நின்னேன் என்றாள், நான் கேட்காமலே.

பஸ் திரும்பி மறைந்த பிறகு கேட்டாள்.

"அவங்க கடலுக்குப் போவாங்களாக்கா?"

"போவாங்க," என்றேன்.

இரண்டாம் நாள், மாலை நாலரைக்கு. 'எளிமையாக வாழ்வது எப்படி' என்ற வகுப்பு முடிந்ததும். அந்த நிகழ்ச்சி நிரலையும் நான்தான் டைப் அடித்திருந்தேன்.