கஞ்சி போட்ட கார் துண்டுகள்

"ஒரு துண்டு வாங்குறதுக்கு எதுக்கு பாப்பா டிகிரி? எங்க வீட்டுல மாடு மேய்க்கிற ஆளே வாங்கிட்டு வந்துருவானே."

சொன்னவர் என் முதல் முதலாளி. அவனியாபுரத்தில், விமான நிலையத்துக்குப் போகும் சாலையில், கார் கழுவிப் பாலிஷ் போடும் கடை வைத்திருந்தார். அதற்கு முன் லாரி ஓட்டினார், அதற்கும் முன் நெல் வியாபாரம். சென்னையில் இப்போது இதுதான் ஓடுகிறது என்று மருமகன் சொன்னதால் கார் பாலிஷுக்கு வந்தவர். காரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், பின் சீட்டில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது என்பதுதான்.

நான் வேதியியல் பட்டத்தோடு அங்கே டெலிபோன் எடுக்கச் சேர்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா ரேஷன் கடையில் இன்றுவரை கைநாட்டுதான். அதனால் படிப்பைப் பற்றி யாராவது இளக்காரமாகப் பேசினால் எனக்குக் காது சுடும்.

வண்டி துடைக்க அங்கே இருந்தது பனியன் வேஸ்ட். பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சிய துணி, மூட்டையாக வரும். பெரிய மனிதர்களின் வண்டி என்றால் முதலாளியின் பழைய வேட்டி. வெள்ளை வண்டியில் ஒன்றும் தெரியாது. கறுப்பு வண்டியை வெயிலில் நிறுத்தினால் வட்டம் வட்டமாகச் சிலந்தி வலை போலக் கீறல் தெரியும். வண்டிக்காரர் கேட்டால், வேலைக்காரர்களுக்கெல்லாம் தலைவரான, எல்லோரும் அண்ணே என்று கூப்பிடும் மனிதர், "அது பாலிஷோட ஜொலிப்பு சார், நாலு நாள்ல செட் ஆயிரும்" என்பார். அது செட் ஆவதற்குள் வண்டிக்காரர் வேறு கடைக்குச் செட் ஆகியிருப்பார்.

அப்போதுதான் பாலிஷ் கம்பெனி ஏஜென்ட் சென்னையிலிருந்து வந்து, இரண்டு மைக்ரோஃபைபர் துண்டுகளையும் ஆங்கிலத்தில் அச்சடித்த தாள் ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனார். முதலாளி தாளை முன்னும் பின்னும் பார்த்து, என் மேசைமேல் வைத்தார். வாசித்துச் சொல் என்று கேட்க அவருக்கு மனம் வரவில்லை. "பறந்துராமப் பாத்துக்க" என்றார்.

பறக்காமல் பார்த்துக்கொண்டே முழுவதும் வாசித்தேன். முடியைவிட மெல்லிய இழைகள். தூசியைத் தள்ளிக்கொண்டு போகாமல் தமக்குள்ளே இழுத்துக்கொள்ளும், அதனால் பெயிண்டில் கீறல் விழாது. இதை நான் வாங்கித் தருகிறேன் என்று சொன்னபோது வந்ததுதான் அந்த மாடு மேய்க்கிற ஆள் பதில். ஒரே வாரத்தில் மூன்று வண்டிக்காரர்கள் சண்டை போட்டுப் போன பிறகு இறங்கி வந்தார். "சரி, துண்டு உன் பொறுப்பு. சரியா வரலேன்னா வீட்டுக்குக் கெளம்பிரணும்."

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக் கடைகளுக்குப் போனேன். கேட்டவுடன் எல்லாக் கடையிலும் எல்லாத் துணியும் மைக்ரோஃபைபர் ஆகிவிட்டது. ஒருவர் குளியல் துண்டை விரித்து, "ஃபாரின் சரக்கு தங்கச்சி, கப்பல்ல வந்தது" என்றார். ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினேன். எரிந்து சாம்பலாக உதிர்ந்தது. பருத்தி. மைக்ரோஃபைபர் என்றால் உருகிச் சின்ன மணியாகச் சுருண்டிருக்கும்.

"வாங்க வந்தீங்களா, கடையக் கொளுத்த வந்தீங்களா?" என்றார் அவர்.

அடுத்த கடை, வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் ஒரு குடும்பத்துடையது. கல்லாவில் இருந்த அம்மா ஒருவர்தான், "நீங்க கேக்குறது எங்ககிட்ட இல்ல. இல்லாதத இருக்குன்னு விக்க மாட்டேன்" என்றார். அவரிடம் வீட்டுக்கு இரண்டு கைத்துண்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

கடைசியில் ஏஜென்டுக்கே எழுதி மூன்று மாதிரிகள் வரவழைத்தேன். ஓரத் தையல் நகத்தில் இடித்தால் வேண்டாம். லேபிள் இருந்தால் முதலில் அதை வெட்ட வேண்டும். பிறகு எங்கள் கடை அண்ணனிடம் பாட்டு சிடி ஒன்றை இரவல் வாங்கி, பளபளக்கும் பக்கத்தில் ஒவ்வொரு துண்டாக அழுத்தித் தேய்த்தேன். இரண்டு கோடு போட்டன, ஒன்று போடவில்லை. போடாததில் முப்பது வாங்கினோம். அந்த சிடி அதற்குப் பிறகு மூன்றாவது பாட்டைத் தாண்டவில்லை. அண்ணன் அதை என்றைக்கும் மன்னிக்கவில்லை.

சுவரில் தமிழில் எழுதி ஒட்டினேன். நீலம் பெயிண்டுக்கு, மஞ்சள் உள்பக்கத்துக்கு, பச்சை டயருக்கு. சுடுதண்ணீர் கூடாது. வாசனைத் திரவம் கூடாது. மற்ற துணிகளோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. நிழலில் உலர்த்த வேண்டும். தரையில் விழுந்ததைத் துவைக்காமல் வண்டியில் வைக்கக் கூடாது.

கடைசி விதி அவர்களுக்குக் கடைசிவரை புரியவில்லை. விழுந்ததை எடுத்துத் தொடையில் இரண்டு தட்டு தட்டி மறுபடி பானெட்டில் போடுவார்கள். ஆனால் டயரைத் தொட்டதைத் தனியாக வை, தனி வாளியில் துவை, மற்றதோடு சேர்க்காதே என்றதும் ஒரே தடவையில் புரிந்துகொண்டார்கள். இதை எங்கே பழகினீர்கள் என்று நான் கேட்கவில்லை. தெரிந்ததை எதற்குக் கேட்பது?

துண்டுகள் தொலையவும் செய்தன. ஒன்று அண்ணன் கழுத்தில் இருந்தது. ஒன்றில் ஒருவருடைய டிபன் கேரியர் சுற்றியிருந்தது. இன்னொன்று திருமங்கலம் பஸ்ஸில் ஜன்னல் வழியாக இடம் பிடிக்கப் போடப்பட்டு, இடம் கிடைத்த மகிழ்ச்சியில் பஸ்ஸோடு போய்விட்டது. அதற்கு ஈடாக மறுபடி எழுதி வாங்கினேன். இப்படியாக ஐந்து மாதம். கறுப்பு வண்டிகள் திரும்பி வர ஆரம்பித்தன.

முதலாளியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் உட்காரும்போது வேட்டி அப்பளம் நொறுங்குவது போலச் சத்தம் போடும். அவ்வளவு கஞ்சி. துணி விறைப்பாக நிற்பதுதான் அவருக்குக் கௌரவம். ஒரு சனிக்கிழமை நான் விடுப்பில் இருந்தபோது, கொடியில் என் துண்டுகள் தொங்குவதைப் பார்த்திருக்கிறார். "என்னடா இது, எழவு வீட்டுத் துணி மாதிரி" என்று முப்பதையும் வாரி, வீட்டுக்கு வரும் சலவைக்காரரிடம் வேட்டிகளோடு சேர்த்துப் போட்டுவிட்டார்.

திங்கட்கிழமை என் மேசையில் முப்பது துண்டுகளும் மடிப்புக் கலையாமல் அடுக்கியிருந்தன. கஞ்சி, சொட்டு நீலம், கரி இஸ்திரிப் பெட்டியின் சூடு, எல்லாம் குறைவில்லாமல். ஒன்றைத் தூக்கினேன். நான்காக மடித்தபடியே நின்றது.

ஏஜென்ட் கொடுத்த தாளில் கஞ்சி போடாதே என்று இல்லை. அதை எழுதியவர்கள் மதுரையைப் பார்த்ததில்லை. நானாவது சுவரில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை, அது என் தப்பு. அன்றைக்கு அதை ஒப்புக்கொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை.

அன்று உள்ளே நின்றது மேலூரில் கிரானைட் குவாரி வைத்திருப்பவரின் கறுப்பு வண்டி. வாங்கி இரண்டு மாதம். மதியம் அவர் தன் தங்கச்சி நிச்சயத்துக்கு அதில் போக வேண்டும்.

"ஐயா, இதுல துடைக்கக் கூடாது" என்றேன்.

"ஏன், கடிச்சிருமா?"

"கஞ்சி காஞ்சா சில்லு சில்லா நிக்கும்ய்யா. பெயிண்டக் கீறிரும்."

"எங்க அப்பாரு காலத்துல இருந்து கஞ்சி போட்டுத்தான் உடுத்துறோம். எங்க தோலு என்ன கீறியா போச்சு?"

"உங்க தோல்ல முகம் பாக்குறதுக்கு யாரும் காசு குடுக்குறதில்லய்யா."

அண்ணன் சிரிப்பை அடக்க இருமினார். ஏஜென்ட் முதலில் கொடுத்து, அலமாரியில் பூட்டி வைத்திருந்த இரண்டு துண்டுகளை எடுத்துவரப் போனேன். வருவதற்குள் முதலாளி கண்ணைக் காட்ட, அண்ணன் விறைத்த துண்டால் பானெட்டை முழுக்கத் துடைத்திருந்தார். பானெட் முழுவதும் வட்டங்கள்.

மேலூர்க்காரர் வந்தார். கல்லுக்குப் பாலிஷ் போட்டு விற்கிறவர். அவரிடம் ஜொலிப்புக் கதை எடுபடாது. குனிந்து, வெயில் விழும் பக்கமாகச் சாய்ந்து பார்த்தார்.

"என்ன மொதலாளி செஞ்சு வச்சிருக்கீக? நான் இப்பிடிக் கல்லு அனுப்புனா கப்பல்லயே திருப்பி விட்டுருவான்."

"எல்லாம் இந்தப் பாப்பா வாங்குன துண்டு தம்பி" என்றார் முதலாளி, கூச்சமே இல்லாமல். "படிச்ச பிள்ளன்னு பொறுப்பக் குடுத்தது என் தப்பு. இன்னையோட அனுப்பிருவோம்."

ஐந்து மாத வேலை. மாதச் சம்பளம் என்ற ஒன்றை என் அப்பாவும் அம்மாவும் முதன்முதலாகப் பார்த்ததே என் கையில்தான். அயோடின் ஒரு சொட்டு விட்டால் கஞ்சி நீலமாகக் காட்டிக்கொடுக்கும் என்பது ஞாபகம் வந்தது. அதற்கும் தேவை இருக்கவில்லை. மேலூர்க்காரர் துண்டை எடுத்து விரலால் தேய்த்து, "இதென்ன துண்டா, தட்டியா? கஞ்சி வாசம் அடிக்குது" என்றார்.

"வாங்குனது நான்தான் சார். கஞ்சி போட்டது நான் இல்ல" என்று துண்டின் மூலையைத் திருப்பிக் காட்டினேன். சலவைக்காரர்கள் எந்தத் துணி எந்த வீட்டுடையது என்று தெரிய அழியாத மையில் குறி போடுவார்கள். முப்பது துண்டிலும் ஒரு வட்டம், அதற்குக் கீழே இரண்டு புள்ளி. "இது எந்த வீட்டுக் குறின்னு ஐயாவுக்குத் தெரியும்."

முதலாளி எப்போதும் போல வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லோரும் அந்த நுனியைப் பார்த்தோம். ஒரு வட்டம், இரண்டு புள்ளி. அவர் நுனியைக் கீழே விட்டார்.

மேலூர்க்காரர் சிரித்தார். எனக்காகச் சிரித்ததாக நான் நினைத்துக்கொள்ளவில்லை. பானெட்டைச் சரிசெய்து மறுநாள் தரச் சொல்லிவிட்டு, நிச்சயத்துக்கு வேறு வண்டி வரவழைத்தார். ஏறும் முன் என்னைப் பார்த்து, "கஞ்சி போடாத துண்டு எங்க கிடைக்கும்மா? நம்ம கல்லு யார்டுல பதினோரு வண்டி நிக்குது" என்றார். முதலாளியைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டார்.

ஒரு துண்டை மூன்று தடவை அலசிப் பார்த்தேன். கஞ்சி போனது. ஆனால் இஸ்திரிச் சூட்டில் இழைகளின் நுனி உருகியிருந்தது. நல்ல துண்டு புறங்கையில் இழுத்தால் தோலின் சொரசொரப்பில் லேசாகப் பிடிக்கும். இது வழுக்கிக்கொண்டு போனது. முப்பதும் இனி டயருக்குத்தான்.

மாலையில் முதலாளி கூப்பிட்டார். சாட்சிகள் இருந்ததால் வேலையை விட்டு அனுப்ப முடியவில்லை. "வேலையில இரு. டெலிபோன மட்டும் பாரு. துண்டெல்லாம் இனிமே அண்ணே பாத்துக்கிடும்." மறுநாள் பனியன் வேஸ்ட் மூட்டை வந்து இறங்கியது. சுவரில் இருந்த என் பட்டியலைக் கிழித்து அதில் வடை வைத்துத் தின்றார்கள்.

டெலிபோனை மட்டும் பார்த்தேன். "எதுல துடைப்பீங்க?" என்று கேட்டவர்களிடம், "பனியன் வேஸ்ட் சார், சில சமயம் முதலாளி வேட்டி" என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

மேலூர்க்காரர் கேட்ட அன்றைக்கே ஏஜென்டுக்குக் கடிதம் எழுதிப் போட்டிருந்தேன், இந்தத் தடவை கடையின் பெயரில் அல்ல. இரண்டாவது வாரம் பார்சல் ஆபீசில் பெட்டி வந்தது. என் கையெழுத்தைப் போட்டு எடுத்தேன். நாற்பது துண்டுகளின் லேபிளையும் வீட்டில் உட்கார்ந்து வெட்டினேன். யார்டு வாட்ச்மேனும் வாசிக்கும்படி பெரிய எழுத்தில் விதிகளை எழுதினேன். முதல் வரி: கஞ்சி போடக் கூடாது. வியாழக்கிழமை காலை அவனியாபுரம் பஸ்ஸில் ஏறவில்லை. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் போய், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மேலூருக்கு டிக்கெட் எடுத்தேன்.