கண்ணிவெடிப் பாதையில் தடுப்பூசி

மதுரையில் ஒன்பது வருடம் நர்ஸாக இருந்த வசந்தகுமாரி, 1976இல் ஓமனின் தெற்கில், ஸலாலாவுக்கு மேலிருந்த மலைக்கு வேலைக்கு வந்தாள். கணவன் வாசு கீழே ரோடு போடும் கம்பெனியில் இருந்தான். சர்க்காருக்கும் மலைப் போராளிகளுக்கும் பத்து வருடமாக நடந்த சண்டை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. கிணறு, பள்ளிக்கூடம், இரண்டு அறை மருந்தகம் என்று எல்லாமே முதலிலிருந்து தொடங்கிக்கொண்டிருந்தன.

மருந்தகம் திறந்து மூன்று வாரமாகியும் தட்டம்மை ஊசிக்குப் பாதிப் பிள்ளைகள்தான் வந்தார்கள். போராளிகள் பக்கம் நின்ற மேற்குக் குடிகள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு காலையில் அந்தப் பக்கத்திலிருந்து ஜுபைதா என்ற பெண், காலொடிந்த தன் அத்தையைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு வந்தாள். சிம்பு வைத்துக் கட்டியிருந்த நேர்த்தியைப் பார்த்து வசந்தகுமாரி அசந்துபோனாள்.

"யாரு கட்டுனது?" என்றாள், தனக்குத் தெரிந்த அரபியில்.

"நான்தான். நாலு வருஷம் போராளிங்க ஆஸ்பத்திரியில இருந்தேன். குகைக்குள்ள."

"இங்க வேலைக்கு வர்றியா?"

வாசலில் துப்பாக்கியோடு நின்ற காவலாளி மஹ்மூது உள்ளே வந்துவிட்டான். "சிஸ்டர், என் அண்ணனச் சுட்டவனுக்கு இவதான் காயம் கட்டியிருப்பா. இவ வந்தா நான் இங்க இல்ல. கலாஸ், அவ்வளவுதான்."

அண்ணனைப் பறிகொடுத்தவனிடம் என்ன நியாயம் பேசுவது? வசந்தகுமாரி சொன்னாள்: "உங்க துக்கத்தப் பத்திப் பேச எனக்கு வாயில்ல, பாய். ஆனா அங்க நூறு புள்ளைங்க இருக்கு. நான் கூப்பிட்டா யாரும் அனுப்ப மாட்டாங்க, இவ கூப்பிட்டா அனுப்புவாங்க. நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்க."

அவன் வெளியே போய்விட்டான். இரண்டு நாள் ஆளையே காணோம். ஜுபைதா வேலைக்குச் சம்மதித்து, அத்தையோடு மருந்தகத்திலேயே தங்கியிருந்தாள். மூன்றாம் நாள் மஹ்மூது வந்து மருந்தக ஜீப்பில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தான்.

"அந்தப் பாதையில கண்ணிவெடி இருக்கு. எங்கங்க இருக்குனு அவளுக்குத் தெரியும். முன்னால உக்காரச் சொல்லுங்க."

ஜுபைதா கையை நீட்டிய பக்கமெல்லாம் ஜீப் திரும்பியது. ஊசிமருந்து இருந்த ஐஸ் பெட்டியை மடியில் இறுக்கிக்கொண்டு வசந்தகுமாரி பின்னால் உட்கார்ந்திருந்தாள். அன்று மட்டும் நாற்பத்தொரு பிள்ளைகளுக்கு ஊசி போட்டார்கள்.

ஜுபைதாவின் வேலையை நிரந்தரமாக்க ஸலாலாவிலிருந்த சுகாதார அலுவலகத்துக்குக் கடிதத்துக்கு மேல் கடிதமாக ஏழு மாதம் எழுத வேண்டியிருந்தது. 1979இல் வசந்தகுமாரி ஊர் திரும்பியபோது மருந்தகப் பொறுப்பு ஜுபைதாவிடம் வந்தது. மஹ்மூது அதுவரை அவளிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. தலைவலி வந்தால் மட்டும், மற்றவர்களோடு வரிசையில் நின்று, அவள் கொடுக்கும் மாத்திரையை வாங்கிக்கொள்வான்.