படத்துக்கு வைத்த பொட்டு

எங்கள் முன்பள்ளிச் சுவரில் தொங்கும் பெண்முகத்தின் கன்னத்தில் ஒரு கரும்பொட்டு இருக்கிறது. பிள்ளைகளுக்கு வைக்கிற அதே மை. படத்துக்குமா நாவூறு படும் என்று கேட்டுச் சிரிக்காதவர்கள் எங்கள் ஊரான தர்மபுரத்தில் குறைவு.

அந்தப் படத்தை நானும் என்னோடு படிப்பித்த அக்காவும் செய்தோம். ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிலிருந்தும் ஒரு துணித்துண்டு வாங்கிப் பலகையில் ஒட்டி, எல்லோருக்கும் பொதுவான ஒரு தாயை உண்டாக்குவது அக்காவின் எண்ணம். கூரைக்கு மேல் விரித்த பழைய தறப்பாளைக் கீலம் கீலமாக வெட்டித் தலைமயிர் செய்தோம். செம்மண்ணையும் தேயிலைச் சாயத்தையும் பசையில் குழைத்து முகத்துக்குப் பூசினோம். மூக்குக் கோணலோ, கண் சிறிதோ என்று நான் அக்காவை ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். தோளுக்கென்று அக்கா கடைசியாகக் கொண்டுவந்தது ஒரு சாக்குத் துண்டு. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த அவருடைய தாய் வேலைக்குப் போகும்போது இடுப்பில் கட்டியது.

பெற்றோர் சங்கத் தலைவர் வந்து பார்த்தார். "எல்லாம் வடிவாயிருக்கு ரீச்சர். உந்தச் சாக்கை மட்டும் எடுத்துப்போட்டு நல்ல சீலைத்துண்டு ஒண்டு ஒட்டுங்கோ. விழாவுக்குப் பெரிய ஆக்கள் வருகினம்."

"எங்கம்மா தோட்டத்துல கொழுந்து எடுக்கையிலயும் இதத்தான் கட்டினாங்க, இங்க கச்சான் கடல புடுங்கையிலயும் இதத்தான் கட்டினாங்க," என்றார் அக்கா. "இத எடுக்கிறதுன்னா முழுப் படத்தையும் எடுத்துருங்க ஐயா."

"நாளைக்கு வாறன், யோசிச்சு வையுங்கோ," என்று தலைவர் என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் அலுமாரியைத் திறந்தேன். பிறந்த பிள்ளைக்குத் துடக்கு என்ற தீட்டுக் கழியும்வரை நாங்கள் புதுத்துணி போடுவதில்லை. என் மகளை முதன்முதலில் சுற்றியது அம்மாவின் நைந்த பருத்திச் சீலை. அதை வெட்டினால் பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடுமோ? இரண்டு தரம் மடித்து உள்ளே வைத்தேன். பிறகு வெட்டினேன்.

காலையில் அந்தத் துண்டைச் சாக்கின்மேல் பாதி ஏறும்படி, பசையை நிறைய விட்டு ஒட்டினேன்.

"பாப்பா துணியவா வெட்டினீங்க? பைத்தியமா ஒங்களுக்கு?" என்ற அக்கா, நான் கைப்பையிலிருந்து மையை எடுத்துப் படத்தின் கன்னத்தில் வைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"பிள்ளையின்ர துணியெல்லோ அக்கா. எனக்குப் பயம்."

தலைவர் வந்ததும் நானே முந்திச் சொன்னேன். "நீங்கள் சொன்ன சீலைத்துண்டு ஒட்டியாச்சு ஐயா. இனிச் சாக்கை உரிச்சால் என்ர மகளின்ர துணியும் சேர்ந்து கிழியும்."

அவர் கிட்ட வந்து, ஒட்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "உதென்ன, படத்துக்கும் பொட்டோ?" என்றார். பிறகு, ஆணி அடிக்கச் சுத்தியல் எங்கே என்று கேட்டார்.

அக்கா இப்போது வவுனியாவில் மகளோடு இருக்கிறார். என் மகள் பெரிய பள்ளிக்கூடம் போகிறாள். அவளுக்கு மூக்கொழுகித் தடிமன் வந்தாலும் அந்தத் துணியை நினைத்துக்கொள்கிறேன். முன்பள்ளி புதுக் கட்டடத்துக்கு மாறுகிறது. பழைய படம் அங்கே எடுபடாது, சமையல் செய்யும் குசினிப் பக்கம் வைக்கலாம் என்று சங்கத்தில் சொன்னார்கள். இன்று காலை படத்தை நானே தூக்கிக்கொண்டு போய், புதுக் கட்டட வாசலுக்கு நேரே மாட்டினேன். சாக்கின் ஓரம் சற்றுக் கிளம்பியிருந்தது. பசை தடவி அழுத்தினேன். கன்னத்துப் பொட்டு மங்கியிருந்தது. இந்த முறை கொஞ்சம் பெரிதாகவே வைத்தேன்.