விழுந்தவன் அங்கேயே நிற்க வேண்டும்

நம்பித்தான் ஆக வேண்டும் என்று யார் கையையும் பிடித்து இழுக்கப் போவதில்லை. ஆனால் இது நடந்தது. எங்கள் தெரு யார்மிலாவுக்கு நடந்தது. விருந்துக்குப் போன வீட்டில் சூப்பில் உப்பு இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிற பிறவி அவள். கதை கட்ட அவளுக்கு வராது.

ஸ்லோவாக்கியாவில், எங்கள் ஒராவா பக்கத்து மலைச்சரிவு அது. பனியில் சறுக்க வருகிறவர்களை மேலே ஏற்றிவிட ஒரே ஒரு பழைய இழுவை. மேலே ஓடும் கம்பிவடத்தில் நங்கூரம் போல மரக்கட்டைகள் தொங்கும். கட்டைக்கு இரண்டு பேராகச் சாய்ந்து நின்றால், காலில் மாட்டிய சறுக்குப் பலகைகளோடு உச்சிக்கு இழுத்துப் போகும். கம்பமெல்லாம் துரு. தேநீர்க் கடைக்குப் பூட்டு. மறுநாள் எல்லாவற்றையும் கழற்ற ஆள் வருவதாக இருந்தது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் யார்மிலா சறுக்கப் பழகிய இடம். மனசு கேட்காமல் கடைசி நாளில் போனாள்.

இழுவையை ஓட்டுகிறவர் வெண்டலின். எழுபது தாண்டியவர், நெஞ்சுவரை வெள்ளைத் தாடி.

"வேற யாரும் வரலியா மாமா?"

"நீ ஒருத்திதான். ராணி மாதிரி போயிட்டு வா. டிக்கெட்டும் வேணாம்."

"மூடப் போற நேரத்துலதான் தாராளம் பொங்குது."

"கிண்டலா? விழுந்து வைக்காதே. தூக்க எனக்கு இடுப்பு இல்ல."

மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கியது. கடைசியாக ஒருமுறை என்று கட்டையைப் பிடித்தாள். பாதி ஏற்றத்தில், செங்குத்தான இடத்தில், ஓரமாக ஒரு பையன் நின்றிருந்தான். எட்டு வயது இருக்கும். பச்சைக் குல்லாய்.

"என்னடா, விழுந்துட்டியா?"

"ஆமா அத்தை."

அதற்குள் கட்டை அவளை இழுத்துப் போய்விட்டது. அவள் பதறவில்லை. எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த விதிதான். இழுவையிலிருந்து விழுந்தவன் ஒதுங்கி அங்கேயே நிற்க வேண்டும். கூட வந்தவர் உச்சிவரை போய், சறுக்கி இறங்கி வந்து அழைத்துப் போவார்.

உச்சியில் யாரும் இல்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இன்று மலையில் அவள் ஒருத்திதானே? அப்படியானால் பையன் யாரோடு வந்தான்?

வேகமாக இறங்கினாள். அவன் அதே இடத்தில் நின்றான்.

"வா, நான் கூட்டிட்டுப் போறேன்."

"வேணாம் அத்தை. அப்பா மேல போயிருக்காரு. இப்ப வந்துருவாரு."

குல்லாயில், புருவத்தில், கன்னத்தில் பனி விழுந்து கிடந்தது. கன்னத்தில் விழுந்ததுகூட உருகவில்லை...

அவன் பேசும்போது வாயிலிருந்து ஆவி வரவில்லை.

அவன் காலைச் சுற்றிப் பனியில் ஒரு தடம்கூட இல்லை...

அவளுக்கு ஏனோ பயத்தைவிட அழுகைதான் முந்திக்கொண்டு வந்தது.

"வேற... யாரும் உன்னைத் தேடி வரலியா?"

"தாடி வச்ச தாத்தா ஒருத்தரு தினம் வருவாரு. என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாரு. நான் ஒளிஞ்சுக்குவேன். தெரியாதவங்க கூப்பிட்டா போகக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காரு."

எப்படிக் கீழே வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வெண்டலின் அவள் முகத்தைப் பார்த்தார்.

"பச்சைக் குல்லாயா?"

அவள் தலையை ஆட்டினாள். அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

சாம்கோ அவருடைய மகன். நாற்பது வருஷத்துக்கு முன்னால், இதே மாதிரி மூடுபனியில், அவர் பக்கத்திலிருந்து விழுந்தான். அவர் உச்சிக்குப் போனார். இறங்கும்போது வழி தப்பி அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்விட்டார். காலையில்தான் பிள்ளையைக் கண்டுபிடித்தார்கள். பத்து நிமிஷம் சறுக்கினால் கீழே வெளிச்சம், அடுப்பு, ஆட்கள். அப்பா சொல்லை மீறாமல் அங்கேயே நின்று விறைத்துப் போயிருந்தான்.

"தினம் போய்க் கூப்பிடறேன். ஒரு நாள்கூட என் கண்ணுல படல. உன்கிட்ட என்ன சொன்னான்?"

மறைக்கத் தெரியாமல், யார்மிலா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

கிழவர் எழுந்து மோட்டார்க் கொட்டகைக்குள் போனார். பிறகு தண்ணீர் ஊற்றும் சத்தம்.

வெளியே வந்தபோது தாடி இல்லை. கன்னமெல்லாம் ரத்தக் கீறல்.

"இப்பவும் தாத்தா மாதிரியா இருக்கேன்?"

"இல்ல மாமா."

அவள் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும்.

"விசில் அடிப்பேன். மோட்டாரை நிறுத்திடு. நாளைக்கு இது எதுவும் இருக்காதும்மா."

கட்டையின் ஒரு பாதியில் சாய்ந்து நின்றார். மறுபாதி காலி. மூடுபனிக்குள் மறைந்தார்.

விசில்.

மோட்டாரை நிறுத்தினாள்.

"சாம்கோ..."

மூடுபனிக்குள்ளிருந்து அவர் குரல் கேட்டது.

"சாம்கோ... அப்பா வந்துட்டேன்டா..."

காற்றுகூட இல்லை.

பிறகு, மெல்லிசாக ஒரு குரல்...

"எங்கப்பா குரல் மாதிரியே இருக்கு... நீங்க யாரு தாத்தா?"