மருந்து எடுக்கும்போது பேசாதீங்க

அந்த ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் ரேடியோ அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெண்கள் வார்டின் மூத்த நர்ஸ். அவள் வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. ஊசி குத்தியதே தெரியாதபடி பேசிக்கொண்டிருப்பாள் என்று நோயாளிகளுக்கு அவள்மேல் தனிப் பிரியம்.

ஒருநாள் காலை, மருந்து மேசையருகே இன்சுலின் எடுத்துக்கொண்டிருந்த சின்ன நர்ஸிடம், பள்ளிக்கூடத்தில் சேர்ந்த மகள் அழுதாளா என்று விசாரித்தாள். அவளும் பதில் சொல்லிக்கொண்டே பக்கத்துக் குப்பியை எடுத்துவிட்டாள். அது வேகமாக வேலை செய்கிற வேறு இன்சுலின். கட்டிலில் இருந்த வயதான அம்மா, "தினமும் கலங்கலா இருக்குமே, இன்னைக்கு ஏம்மா தண்ணி மாதிரி இருக்கு?" என்று கேட்டதால் பிழைத்தார்.

சின்ன நர்ஸை வேலையிலிருந்து நீக்கப் போவதாகப் பேச்சு அடிபட்டது. ரேடியோ அக்கா நேரே தலைமை நர்ஸின் அறைக்குப் போனாள். பேச்சுக் கொடுத்தது தான்தான் என்றாள்.

"அவளை அனுப்பிட்டா இன்னொருத்தி வருவா. மேசை அதே இடத்துல போனுக்குப் பக்கத்துலதான் இருக்கும். என்னை மாதிரி ஒருத்தி வந்து அவ வாயைப் பிடுங்குவா. அவளும் இதே தப்பைப் பண்ணுவா."

"என்ன பண்ணலாங்கிறீங்க?"

"மேசையை மாத்தணும். மருந்து எடுக்கிறவகிட்ட யாரும் பேசக் கூடாது. யாருமேன்னா யாருமே."

செய்து காட்டுங்கள், பிறகு பார்க்கலாம் என்றார் தலைமை நர்ஸ்.

ரேடியோ அக்கா போர்வை அடுக்கும் சிறு அறையைக் காலி செய்து மேசையை உள்ளே தள்ளினாள். இரண்டு இன்சுலினையும் தனித்தனித் தட்டில் வைத்தாள். விஷயத்தைக் கேட்ட அவள் புருஷன், வீட்டிலும் அப்படி ஒரு அறை கட்டலாமே என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மூன்றாம் நாளே பெரிய டாக்டர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து ஏதோ கேட்டார். அவள் திரும்பாமல் ஒரு கையை மட்டும் உயர்த்தினாள். மருந்தை ஊசியில் ஏற்றி, பெயரைச் சரிபார்த்த பிறகே வெளியே வந்து, "இப்போ சொல்லுங்க டாக்டர்" என்றாள். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மேலிடத்தில் புகார் சொன்னார். கூப்பிட்டு விசாரித்தபோது, நாளைக்கும் அப்படித்தான் கையை உயர்த்துவேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

சின்ன நர்ஸின் வேலை தப்பியது. முதல் சில நாள் குப்பியின் பெயரை மூன்று முறை படித்த பிறகே அவள் ஊசியை எடுப்பாள். கதவுக்கு வெளியே ரேடியோ அக்கா நின்று, வருகிற உறவினர்களையெல்லாம் பேச்சில் வளைத்து அப்பால் கூட்டிப் போவாள்.

பெண்கள் வார்டைப் பார்த்துக் குழந்தைகள் வார்டும் மாறிவிட்டது. ஆண்கள் வார்டில்தான் மேசை இன்னும் போனுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. நேற்று அங்கே போய், அதன் அகலத்தைச் சாண் போட்டு அளந்துவிட்டு வந்திருக்கிறாள்.